முனிராஜின் தக்காளி அறிவிப்பு

எங்கள் ஊரில் முனிராஜ் மைக்கைப் பிடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் கொட்டாய் ஊர்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், அடுத்தது முனிராஜுக்கு. அவன் தன் லோடு ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், "அன்பார்ந்த ஊர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று ஆரம்பிப்பான். அந்தக் குரலைக் கேட்க வேண்டும். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக வரும். இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையும், இன்னாரின் பாட்டனாருமாகிய என்று ஒவ்வோர் உறவாக இழுத்து நிறுத்தி அவன் சொல்லி முடிப்பதற்குள், இறந்தவரோடு ஆயுசு முழுக்க வரப்புச் சண்டை போட்டவருக்கும் கண் கலங்கிவிடும்.

நான் லூர்துமேரி. முனிராஜ் வீட்டுக்கு எதிர் வீடு, தையல்காரி. எங்கள் ஆட்களில் யாராவது இறந்தால் சர்ச்சில் துக்க மணி அடிப்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் முனிராஜ்தான் மணி. அவன் குரல் கேட்டால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். அடுத்த வீட்டுக் குப்புராஜ் அண்ணன், தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர், வாசலில் நின்று முழுதும் கேட்டுவிட்டு, "இவன் வாயால சொல்லிக்கறதுக்காவது ஒரு தடவ செத்துப் பாக்கலாம் லூர்து" என்பார். அவருக்கு எல்லாமே கேலிதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பங்காளி வீட்டில் சாவு என்று காதில் விழுந்துவிட்டால், பிணம் எடுக்கும் வரைக்கும் அந்த வகையறா வீடுகளில் அடுப்பு எரியக் கூடாது. எரிகிற அடுப்பையும் அணைத்துவிட வேண்டும். அதனால் முனிராஜ் குரல் கேட்டதுமே பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார்கள். போனது நம் ஆள் இல்லை என்று தெரிந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்த உலை விஷயத்தை மறந்துவிடாதீர்கள். முனிராஜ் கதையே அதில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் அவனுக்குச் சாவு மட்டும் தொழிலாக இருக்கவில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ரேடியோ செட் ஓய்வில்லாமல் போகும். பிறகு ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கரும் கலர் லைட்டும் வைத்துக்கொண்டு தர்மபுரியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் போடுகிற சத்தத்தில் மணப்பெண்ணின் நெஞ்சே அதிர்ந்தது. அதுதான் நன்றாக இருக்கிறது என்று ஊரும் சொல்லிவிட்டது. மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதில் திருவிழாச் செலவையும் குறைத்துவிட்டார்கள். முனிராஜுக்கு மிஞ்சியது சாவு மட்டும்தான்.

சாவை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? ஒரு மாதம் முழுக்க ஊரில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்துவிட்டால் அவன் பெண்டாட்டி வெண்மதியின் முகம் வாடிவிடும். எதற்காக வாடுகிறது என்று வெளியே சொல்லவும் முடியாது. யாராவது லேசாக இருமினால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அழுதுகொண்டே சிரித்தும் இருக்கிறாள்.

அவன் ஒருவனுக்கு மட்டும் கஷ்டம் என்றில்லை. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்து, வேன் ஏறிப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். தெருவில் ஆளாளுக்கு ஒரு வழி தேடினார்கள். அதுவரை வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனிதர் ஒருவர் சாயங்காலம் தள்ளுவண்டியில் சிக்கன் பொரித்தார். நான் ரெடிமேட் நைட்டியை மனதாரத் திட்டிக்கொண்டு கடைகளுக்கு மஞ்சப்பை தைத்துக் கொடுத்தேன். முனிராஜை மட்டும் பெங்களூரு கூப்பிட்டது. அங்கே மேஸ்திரியாக இருக்கும் அவன் மைத்துனன் மாதவராஜ், அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறது, செட்டையும் ஆட்டோவையும் விற்றுவிட்டுக் கிளம்பி வா என்று போனில் பிடுங்கி எடுத்தான்.

போய்விட்டால் திரும்ப மாட்டான் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் பொங்கலுக்கும் ஓட்டுக்கும்தான் வருகிறார்கள். முனிராஜுக்கும் மனசில்லை. மகள் கவிப்பிரியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இங்கேயே ஒரு வழி பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் தீபாவளி முடிந்ததும் பெங்களூரு என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்தார்கள்.

அந்த வருஷம் தக்காளி விலை விழுந்த வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் கேட்க ஆளில்லை. மாரண்டஹள்ளி ரோட்டோரம் டிரே டிரேயாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. வெண்மதிக்குத் தக்காளி பறிக்கப் போகும் கூலியும் நின்றது. அன்று வாசலில் உட்கார்ந்து யோசித்தவள் திடீரென்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஆட்டோ இருக்குது. மைக்கு இருக்குது. உங்க வாய் இருக்குது. தக்காளி ஒண்ணுதான் இல்ல. அது அங்க கொட்டிக் கெடக்குது."

மறுநாள் விடிந்ததும் முனிராஜ் பாலக்கோடு போய் ஆட்டோ நிறையத் தக்காளி ஏற்றிக்கொண்டு வந்தான். முதல் விற்பனை சொந்தத் தெருவிலேயே இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினான். தெரு முழுக்கக் களி கிண்டுகிற நேரம். இவன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். 

"அன்பார்ந்த ஊர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு."

தெருவே அடுப்பை அணைத்தது. கையில் களிக்கோலோடு பெண்கள் ஓடி வந்தார்கள். தெருக்கோடி வீட்டுக்காரி தலைமுடியை அவிழ்த்துவிட்டு, யார் என்று தெரியாமலே ஒப்பாரிக்கு மூச்சிழுத்தாள். அவள் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். முனிராஜுக்குக் கூட்டத்தைக் கண்டதும் சொல்ல வந்ததே மறந்திருக்க வேண்டும். வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து தக்காளி வந்துள்ளது என்பதையும், ஐந்து கிலோ ஐம்பது ரூபாய் என்பதையும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

 தக்காளி விவசாயி சின்னராஜ் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று, "சரியாத்தான் சொல்றான், எனக்கும் வருத்தந்தான்" என்றார். அதற்குப் பிறகு தெருவில் கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே, குப்புராஜ் அண்ணன் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். களி பாதியில் விட்டால் கட்டி தட்டிவிடும், அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் உருப்படியான களி கிடையாது. உன்னால்தானே என்று முனிராஜை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏசிக்கொண்டே தக்காளியைப் பொறுக்கி எடை போடச் சொன்னார்கள். கட்டிக் களிக்குக் குழம்பாவது நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி, கோடி வீட்டுக்காரிதான் அவிழ்த்த முடியை முடிந்துகொண்டு எல்லோருக்கும் முதலில் வாங்கினாள்.

முனிராஜுக்கு அவமானமாகப் போய்விட்டது. இனி சந்தோஷமாகப் பேசிக் கூவுவது என்று தீர்மானித்தான். கவிப்பிரியா போனில் மற்ற வியாபாரிகள் கூவும் வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டி, அப்பாவுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாள். எதிர் வீட்டில் இருந்த பாவத்துக்கு அத்தனையையும் நான் கேட்டேன். அவன் சந்தோஷமாகப் பேசினால், பொணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்ப்பதுபோல் இருந்தது. சோகமே தேவலை என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு வெண்மதியின் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டார்கள். அவள் குரல் நல்ல குரல். ஆனால் ஊருக்குள் வெங்காயம், உப்பு, பழைய இரும்பு என்று தினமும் வருகிற வண்டிகளில் ஒலிக்கும் குரல்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஆட்டோ ஊரைச் சுற்றி வந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. தக்காளி ஆட்டோவிலேயே பழுத்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் மறுபடி மைக்கை எடுத்தான். அன்பார்ந்த ஊர் பொதுமக்களுக்கு என்றான். எல்லாக் கதவும் திறந்தன. அப்போதுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. ஊரையே வாசலுக்குக் கொண்டுவர இந்தப் பக்கத்தில் எந்த வியாபாரியாலும் முடியாது, அவனால் முடியும். பதறி ஓடி வருகிறவர்களுக்கு யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியில் கை தானாகப் பைக்குப் போகிறது. திட்டுவார்கள். திட்டு வாங்குவதும் வியாபாரத்தில் சேர்த்தி என்று வைத்துக்கொண்டான்.

அப்புறம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. தக்காளியோடு கத்திரிக்காய் சேர்ந்தது, முள்ளங்கி சேர்ந்தது, சீசனுக்கு அவரை சேர்ந்தது. காலையில் எங்கள் ஊர், பிறகு மூங்கில்கொட்டாய், ஏரிக்கோடி, அப்படியே பாப்பாரப்பட்டி என்று ஒரு சுற்று. மதியத்துக்குள் ஆட்டோ காலியாகிவிடும். சாவு விழுந்தால் டிரேக்களை இறக்கி வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போவான். வெண்மதி புதுப் பாத்திரம் ஒன்று வாங்கினாள். தீபாவளி வந்தது, போனது. மாதவராஜின் போனுக்கு அவன் பதில் சொல்வதையே விட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் நூறு வருஷம் இருக்கட்டும் என்று வெண்மதி தெருவில் தைரியமாக எல்லோரையும் நலம் விசாரித்தாள். எனக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. முனிராஜ் குரல் கேட்டால் இப்போது யாரும் உலையை இறக்குவதில்லை. உள்ளேயிருந்தே கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்கிறார்கள். நான்கூட மெஷினை நிறுத்துவதில்லை. இதைக் குப்புராஜ் அண்ணன்தான் முதலில் கவனித்தார். என் முன்னாலேயே ஒரு நாள் அவனிடம் சொன்னார்.

"டேய் முனிராசு, நான் போறன்னைக்கு நீ போய்ச் சொன்னா, நாட்டுத் தக்காளியா பெங்களூர் தக்காளியான்னு கேக்கப் போறாங்கடா."

எல்லோரும் சிரித்தோம். முனிராஜும் சிரித்துவிட்டு அவருக்குக் கொசுறாக இரண்டு தக்காளி போட்டான்.

தை மாதம் ஒரு காலை, டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த குப்புராஜ் அண்ணன் அப்படியே சாய்ந்தார். அவ்வளவுதான். நான் ஓடிப் போய்ப் பிடித்தபோது மூச்சு இல்லை. எத்தனை கேலி பேசிய வாய். எனக்கு அன்று ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்பது இருக்கட்டும், நூல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு தங்கச்சி பெரியம்மாள். மூங்கில்கொட்டாயில் தனியாக இருக்கிறார். அண்ணன் என்றால் உயிர். அவர் போன் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலமே எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அதற்குள் தங்கச்சி வந்து முகம் பார்க்க வேண்டும். முனிராஜ் டிரேக்களை இறக்கிப் போட்டுவிட்டு ஸ்பீக்கரைக் கட்டினான். பெரியம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர ஒரு பொம்பளை வேண்டும் என்று நான் ஏறிக்கொண்டேன்.

மூங்கில்கொட்டாய் முனையில் ஆட்டோவை நிறுத்தி மைக்கை எடுத்தான். தன் தெருக்காரர், தினமும் கேலி பேசியவர், அவருக்கான அறிவிப்பு. அவன் குரல் அன்று இருந்ததுபோல் நான் என்றும் கேட்டதில்லை. "அன்பார்ந்த ஊர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று சொல்லிவிட்டு, கதவுகள் திறக்கட்டும் என்று வழக்கம்போல் நிறுத்தினான்.

ஒரு கதவும் திறக்கவில்லை. அடுப்புப் புகை எல்லா வீட்டுக் கூரையிலும் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மட்டும் வந்தது.

"நேத்து வாங்குனதே கெடக்குதுப்பா. நாளைக்கு வா."

முனிராஜ் அறிவிப்பை முழுதும் சொன்னான். யாரோ வீட்டில் டிவி ஓடியது. இன்னொரு வீட்டு ஜன்னலில் ஒரு கை வந்து, முள்ளங்கி இருந்தால் ஒரு கட்டு வை என்பதுபோல் விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனது. அவன் மைக்கைக் கீழே வைத்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைப் பார்த்தான்.  செருப்பைக் கழற்றி ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தான். நானும் பின்னால் போனேன்.

பெரியம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் முகத்தில் சிரிப்பு.

"என்னப்பா, இன்னைக்கு வூட்டுக்கே கொண்டாந்துட்டியா?"

ஊரில் எத்தனையோ சாவைச் சொன்னவன், மைக் இல்லாமல் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. இன்னாரின் கணவரும் இன்னாரின் தந்தையும் என்று எதுவும் வரவில்லை. மெதுவாகப் போய் அடுப்பின் முன்னால் குந்தி, எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தான். பெரியம்மாள் அணைந்த அடுப்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களிக்கோல் கையிலிருந்து விழுந்தது.

"எங்கண்ணனா?" என்று கேட்டார்.

நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். முனிராஜ் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன.

பெரியம்மாள் நேரத்துக்கு வந்து அண்ணன் முகம் பார்த்தார். ஆனால் ஏரிக்கோடிப் பங்காளிகள் சிலர் எல்லாம் முடிந்த பிறகு அரக்கப்பரக்க வந்தார்கள். காலையில் எங்கள் ஊரிலும் முனிராஜ் குரல் கேட்டது, தக்காளி என்று இருந்துவிட்டோம் என்றார்கள். அந்த வீடுகளில் அன்று அடுப்பு எரிந்திருக்கிறது, குழம்பு கொதித்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஊர் நியாயம் பேசும் ஊர்க்கவுண்டர் சென்னப்பன் கோபக்காரர் கிடையாது. முனிராஜைத் தனியாகக் கூப்பிட்டு, மெல்லத்தான் சொன்னார்.

"ஒண்ணு சாவச் சொல்லு, இல்லாட்டித் தக்காளி வில்லு. ரெண்டுக்கும் ஒரே வாய் ஆவாது முனிராசு."

 சாவு சொல்வதை விடுகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் பிழைப்பு நடந்திருக்கும். அவன் அப்படிச் சொல்லவில்லை. இந்த வாயை நம்பித்தான் ஊர் அடுப்பை அணைக்கிறது, அதைக் கெடுத்துவிட்டுக் காய் விற்றுச் சாப்பிட வேண்டாம் என்றான். அடுத்த நாள் காய்க்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மாதவராஜுக்கு அவனே போன் செய்தான். ஆட்டோவைப் பார்க்க அதியமான்கோட்டையிலிருந்து ஓர் ஆள் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான். எனக்கு அந்த ஆளை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

வெண்மதி அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. பேசாமல் இருக்கிற பெண்பிள்ளை இல்லை அவள். ஒரு மத்தியானம் நான் பைகளுக்குக் காது வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். முனிராஜ் ஸ்பீக்கரைக் கழற்றித் துடைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவள் பொறுக்க முடியாமல் வெடித்தாள். தெருவுக்கே கேட்டது.

"செத்தாச் செத்தாங்கன்னு சொல்றீங்க. சாவலைன்னா சாவலைன்னு சொல்ல வேண்டியதுதானே? அத முதல்ல சொல்லிட்டு அப்புறம் தக்காளின்னு சொன்னா வாய் சுட்டுடுமா?"

முனிராஜ் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் மெஷினை நிறுத்தினேன். இத்தனை நாள் இத்தனை பேருக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அவளை இழுத்துக்கொண்டு நேராகச் சென்னப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். தக்காளியானாலும் சரி, தங்கமானாலும் சரி, முதல் வார்த்தை யாரும் சாகவில்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும். என்றைக்கு அந்த வார்த்தை இல்லாமல் குரல் கேட்கிறதோ அன்றைக்கு ஊர் அடுப்பை அணைக்கும். ஒரு நாள் மாற்றிச் சொன்னாலும் மைக்கைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்றார். சம்மதம் என்று வெண்மதி புருஷனைக் கேட்காமலே சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை தெருவில் ஆட்டோ வந்து நின்றது. அதே கனமான குரல்.

"அன்பார்ந்த ஊர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க. தக்காளி வந்திருக்குது."

கோடி வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுடி என்று கேட்டார். சொன்னான். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். சிலர் காய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள், போனவர்கள் அரை கிலோவாவது வாங்காமல் போகக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தார்கள். மார்கழிப் பஜனைக்கு அப்புறம் காலையில் காதுக்கு இதமாக ஒன்று கேட்பது இதுதான் என்று ஊரில் பேச்சானது. ஆட்டோவை விலை கேட்டவன் மறுபடி வந்தபோது வெண்மதியே பேசி அனுப்பிவிட்டாள்.

ஆனால் முனிராஜ் மூங்கில்கொட்டாய் மட்டும் போகவில்லை. எல்லா ஊருக்கும் போவான், அந்த முனை வந்ததும் வண்டியைத் திருப்பிவிடுவான். குப்புராஜ் அண்ணன் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள், பாப்பாரப்பட்டிக் கடையில் பைகளைப் போட அவன் ஆட்டோவில் நான் போனேன். அன்றும் திருப்பப் பார்த்தான். அங்கே இருக்கிறவர்களுக்குக் குழம்பு வேண்டாமா, நேராக விடு என்று அதட்டினேன்.

முனையில் நின்று மைக்கை எடுத்தான். "அன்பார்ந்த ஊர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றான். இந்த முறை கதவுகள் திறந்தன, ஒன்றிரண்டு வீட்டில் உலையும் இறங்கியிருக்கும். அடுத்த வரி அவனுக்கு வரவில்லை. பெரியம்மாளின் வீடு நேர் எதிரே இருந்தது. அண்ணனைப் பறிகொடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எல்லாரும் நல்லா இருக்காங்க என்று எப்படிச் சொல்வது? மைக்கை அணைத்துவிட்டு, வெறுமனே காய் எடுத்துக் கொடுக்கலாம் என்று பின்பக்கம் போனான்.

பெரியம்மாள் வெளியே வந்தார். இளைத்திருந்தார். கையில் ஒரு தட்டில் மாவு. ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லா ஊருலயும் சொல்றியாமே. எங்கூருல மட்டும் ஏன் வாய மூடிக்கினே?"

முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். உங்க முன்னாடி எப்படி ஆத்தா என்று முணுமுணுத்தான்.

"எங்கண்ணன் போனத நீதான் வந்து சொன்னே. இருக்கறவங்க நல்லா இருக்கறாங்கன்னும் நீதான் வந்து சொல்லணும். வேற யாரு சொன்னா நான் நம்புவேன்? உலை கொதிக்குது, மாவு இன்னும் போடல. சொல்லு."

அவன் மைக்கை எடுத்தான்.  குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. ஆனாலும் முழுதும் சொன்னான். இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க.

பெரியம்மாள் கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, நாட்டுத் தக்காளியாக ஒரு கிலோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, களி கிண்ட உள்ளே போனார்.